உங்களுக்குத் தெரியுமா? ₹ குறியின் கணினி எண் 8377!

₹ குறியைக் கையால் எழுதுவது எளிது: இரண்டு படுக்கைக் கோடு, ஒரு வளைவு, ஒரு சாய்வு. அதே குறி கணினியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டுமானால் எண், ஃபான்ட், கீபோர்டு, மென்பொருள் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் திரையில் வெற்றுப் பெட்டிதான், இல்லையென்றால் கேள்விக்குறிதான். தினமும் நம் கண்ணில் படும் இந்தக் குறியைப் பற்றிச் சில தகவல்கள்.

வயது என்ன?
₹ குறிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2010 ஜூலை 15 அன்று. அதற்கு முந்தைய ஆண்டே நிதி அமைச்சகம் போட்டியை அறிவித்திருந்தது. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இறுதிச் சுற்றுக்கு 5 தேறின. 2011-ல் நாணயங்களிலும் 2012-ல் ரூபாய்த் தாள்களிலும் குறி இடம்பிடித்தது.

வடிவமைத்தவர் நம்மூர்க்காரர்
வென்றவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த டி. உதயகுமார். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்தவர். மும்பை ஐஐடியில் அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தது தமிழ் எழுத்து வடிவங்கள் பற்றி. பரிசுத் தொகை 2.5 லட்சம் ரூபாய். பிறகு குவாஹாட்டி ஐஐடியின் வடிவமைப்புத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

குறிக்குள் என்ன இருக்கிறது?
தேவநாகரியின் 'ர' எழுத்தும், நிமிர்ந்த கோடு நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்த வடிவம் இது. மேலே உள்ள கோடு தேவநாகரி எழுத்துகளின் தலைக்கோடு. இரண்டு கோடுகளும் அவற்றுக்கு நடுவே உள்ள வெள்ளை இடமும் மூவண்ணக் கொடியை நினைவூட்டும். சமக்குறியாகவும் அவற்றைப் பார்க்கலாம்.

மூன்றே மாதத்தில் நிரந்தர முகவரி
உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுப்பது யூனிகோடு. ஒரு புதிய குறியைச் சேர்க்க விண்ணப்பம், பரிசீலனை, வாக்கெடுப்பு என்று ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. ₹ அறிவிக்கப்பட்டது ஜூலையில்; 2010 அக்டோபரில் வந்த யூனிகோடு 6.0 பதிப்பிலேயே அது சேர்ந்துவிட்டது. கிடைத்த எண் 8377. ஒருமுறை கொடுத்த எண்ணை யூனிகோடு மாற்றாது, நீக்காது. இன்று நீங்கள் சேமிக்கும் கோப்பில் இருக்கும் 8377 இன்னும் 50 ஆண்டு கழித்தும் ₹ குறியாகவே இருக்கும்.

அக்கம்பக்கத்தினர்
நாணயக் குறிகளுக்கென்றே யூனிகோடு 8352 முதல் 8399 வரை 48 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. யூரோ (€) 8364. துருக்கியின் லிரா (₺) 2012-ல் வந்து நமக்கு அடுத்த 8378-ல் அமர்ந்தது. ரஷ்ய ரூபிள் (₽) 8381-ல் 2014-ல் வந்தது. எந்த அரசும் வெளியிடாத பிட்காயினுக்கும் (₿) 2017-ல் 8383 கிடைத்தது.

டாலருக்கு மட்டும் ஏன் 36?
கணினி எழுத்துகளுக்கு முதலில் பரவலான தரம் அமைத்தது அமெரிக்கா. 'ஆஸ்கி' என்ற அந்தத் தரத்தில் மொத்தமே 128 இடங்கள்தான். அதில் 36-ஆம் இடம் டாலருக்குப் போனது. அதனால்தான் உலகின் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும், பழைய கருவிகளிலும் $ சிக்கலில்லாமல் வருகிறது. பவுண்டு 163, யென் 165 என்று அடுத்த கட்டத்தில் சேர்ந்தன. பிந்தி வந்த குறிகள் எல்லாமே பழைய கருவிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

₨ வேறு, ₹ வேறு
₹ வருவதற்கு முன்பே யூனிகோடில் ₨ இருந்தது, எண் 8360. அது எந்த நாட்டின் ரூபாய்க்கும் பொதுவானது. ₹ இந்திய ரூபாய்க்கு மட்டும் உரியது. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ், செஷல்ஸ் நாடுகளிலும் ரூபாய்தான் நாணயம். கொழும்பில் வாங்கிய பொருளின் விலைக்கு முன்னால் ₹ போட்டால் அது தவறான தகவல். செய்தி எழுதுவோர் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

தமிழுக்கென்று தனி ரூபாய்க் குறி
௹ என்ற வடிவத்தைப் பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் பார்த்திருப்பீர்கள். 2003-ல் வந்த யூனிகோடு 4.0 இதற்கு 3065 என்ற எண்ணைக் கொடுத்தது. கூடவே நம் கணக்கு வழக்கில் புழங்கிய வேறு குறிகளும் வந்தன: நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, எண் ௺. யூனிகோடு ௹ குறியை 'நாணயக் குறி' என்றே வகைப்படுத்தியிருக்கிறது. டாலரும் யூரோவும் உள்ள அதே வகை. பழைய ஆவணங்களைத் தட்டச்சு செய்வோர் இவற்றை விட்டுவிடாமல் பயன்படுத்த வேண்டும். மூலத்தில் ௶ என்று இருப்பதைப் பற்று என்று விரித்து எழுதினால் ஆவணத்தின் முகமே மாறிவிடும்.

'ரூ' என்பது இரண்டு எண்
2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ₹ இருந்த இடத்தில் 'ரூ' வந்தது நினைவிருக்கலாம். கணினியின் கணக்கில் ₹ ஒரே எழுத்து. 'ரூ' இரண்டு: ர என்பதற்கு 2992, அதோடு சேரும் ஊகாரக் குறிக்கு 3010. இவ்விரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக வரைந்து காட்டுவது ஃபான்டின் வேலை. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ₹ 3 பைட், ரூ 6 பைட்.

8377 எப்படி மூன்று பைட் ஆகிறது?
ஒரு பைட்டுக்குள் 255-க்கு மேல் எண் அடங்காது. ஆகவே 8377-ஐப் பிரித்து அனுப்ப வேண்டும். யூடிஎஃப்-8 முறை அதை இப்படிப் பிரிக்கிறது. 8377-க்குள் 4096 இரண்டு முறை போகும், மீதி 185. அதற்குள் 64 இரண்டு முறை போகும்; மீதி 57. ஆக 2, 2, 57 என்று மூன்று எண்கள் கிடைத்தன. முதல் எண்ணோடு 224-ஐக் கூட்டினால் 226. மற்ற இரண்டோடும் 128-ஐக் கூட்டினால் 130, 185. இந்த 226, 130, 185 மூன்றும்தான் கம்பியில் ஓடும் ₹. முதல் பைட் 224 முதல் 239-க்குள் இருப்பதைப் பார்த்ததுமே, "இது மூன்று பைட் எழுத்து, இன்னும் இரண்டு வர வேண்டும்" என்று வாங்கும் கணினிக்குத் தெரிந்துவிடும்.

தொப்பி போட்ட 'ஏ' எங்கிருந்து வந்தது?
எக்செலில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். ₹ இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி போட்ட ரோமன் 'ஏ', காற்புள்ளி போன்ற ஒரு குறி, மேலே தூக்கி எழுதிய சிறு ஒன்று. பெரும்பாலும் இதே மூன்றுதான், இதே வரிசைதான். காரணம், 226, 130, 185 என்ற மூன்று பைட்டையும் சேர்த்துப் படிக்காமல், விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பியப் பட்டியலைப் பார்த்துத் தனித்தனி எழுத்தாகப் படித்ததுதான். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது இது அதிகம் நடக்கிறது. தரவைப் பயந்து அழித்துவிடாதீர்கள். எக்செலின் 'டேட்டா' பகுதிக்குப் போய், கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லி உள்ளே கொண்டுவாருங்கள், ₹ திரும்பிவிடும்.

மூன்று கோளாறு, மூன்று காரணம்
₹ கெட்டுப்போகும் விதத்தைப் பார்த்தே நோய் எங்கே என்று சொல்லிவிடலாம்.
• வெற்றுப் பெட்டி வந்தால்: எழுத்து பத்திரமாக இருக்கிறது; ஃபான்டில்தான் அதற்கு வடிவம் இல்லை. ஃபான்டை மாற்றினால் போதும்.
• இரண்டு மூன்று விநோத எழுத்துகள் வந்தால்: பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, படித்த முறைதான் தவறு. சரியான முறையில் மறுபடி திறந்தால் மீட்கலாம்.
• வெறும் கேள்விக்குறி வந்தால்: ₹ குறிக்கு இடமே இல்லாத ஒரு பட்டியலுக்கு யாரோ மாற்றிச் சேமித்துவிட்டார்கள். மூலக்குறி போய்விட்டது. பழைய பிரதியைத் தேட வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தரவுத்தளம் அமைக்கும் நாளிலேயே யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் இந்த இழப்பு வராது.

முதல் ₹ ஃபான்டில் ₹ எண் இல்லை!
குறி அறிவிக்கப்பட்ட அதே மாதம் மங்களூருவின் ஃபோரடியன் நிறுவனம் ஓர் இலவச ஃபான்டை வெளியிட்டது. அப்போது 8377 என்ற எண் இன்னும் வரவில்லை. ஆகவே டேப் விசைக்கு மேலே உள்ள சாய்ந்த ஒற்றைக் குறியின் இடத்தில், அதாவது 96-ஆம் எண்ணில், ₹ வடிவத்தை வைத்தார்கள். அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கணினிக்குப் போனால் ₹500 என்று அடித்தது `500 என்று தெரியும். தமிழர்களுக்கு இந்தத் தொல்லை பழகிய ஒன்று. பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்டுகளும் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவைதாம். ஃபான்டை மாற்றியதும் கட்டுரை முழுக்கப் புரியாத ரோமன் எழுத்தாக மாறுவது அதனால்தான். உங்கள் அலுவலகத்தின் பழைய கோப்புகளில் 96-ஆம் எண்ணில் மறைந்திருக்கும் ₹ இருந்தால், இப்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.

யார் முந்தினார்கள்?
2010 அக்டோபரில் வந்த உபுண்டு 10.10, தன் சொந்த ஃபான்டிலேயே ₹ குறியோடு வந்தது. சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் அதே ஆண்டில் ₹ அச்சிட்ட கீபோர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 7 கணினிகளுக்கு 2011-ல் தனி அப்டேட் கொடுத்தது.

கீபோர்டில் எங்கே?
விண்டோஸில் 'இங்கிலீஷ் (இந்தியா)' கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 4-ஐத் தட்டினால் ₹ வரும். கன்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்துத் தட்டினாலும் வரும். கீபோர்டு அமைப்பை மாற்ற வழியில்லையென்றால் வேர்டில் 20 என்று அடித்து, ரோமன் 'பி' எழுத்தும் 9-ம் சேர்த்து, உடனே ஆல்ட்டோடு எக்ஸ் விசையைத் தட்டுங்கள். அந்த நான்கும் மறைந்து ₹ நிற்கும். 8377-ஐ 16 அடிமான முறையில் எழுதினால் வருவதுதான் அந்த நான்கு எழுத்து. இணையப் பக்கம் உருவாக்குவோர் ₹ என்று எழுதினால் போதும்.

ஒரே ஒரு ₹, மூன்று மடங்கு செலவு
வங்கிக் குறுஞ்செய்திகளில் ₹ குறிக்குப் பதிலாக இன்னமும் ரோமன் எழுத்தில் 'ஆர்எஸ்' என்றோ 'ஐஎன்ஆர்' என்றோ வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று நெருக்கி அடுக்கினால் அதில் 160 எழுத்து பிடிக்கும். அந்த 7 பிட் பட்டியலில் டாலர், பவுண்டு, யென் உண்டு. யூரோவும் உண்டு, ஆனால் இரண்டு எழுத்தாகக் கணக்காகும். ₹ இல்லவே இல்லை.

செய்திக்குள் ஒரே ஒரு ₹ நுழைந்தாலும் முழுச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் என்ற முறைக்கு மாறிவிடும். அப்போது 70 எழுத்துக்குத்தான் இடம். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் பிரியும். எந்தத் துண்டு எத்தனையாவது என்ற குறிப்புக்கும் இடம் வேண்டுமல்லவா? ஆகவே துண்டுக்கு 67 எழுத்துதான். 150 எழுத்துள்ள ஒரு செய்தி 'ஆர்எஸ்' என்று இருந்தால் ஒன்று. ₹ என்று இருந்தால் மூன்று துண்டு. ஒரு லட்சம் வாடிக்கையாளருக்கு அனுப்பினால் கட்டணம் மூன்று லட்சம் செய்திக்கு. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திக்கும் இதே 70 எழுத்து வரம்புதான். தமிழ்ச் செய்தியில் ₹ சேர்ப்பதால் வரம்பு மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே தயங்காமல் ₹ போடலாம்.

மளிகைக் கடை பில்லில் ஏன் ₹ இல்லை?
சிறிய பில் பிரின்டர்களில் பல, 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 256 எழுத்துப் பட்டியலையே இன்றும் முதல் தேர்வாக வைத்திருக்கின்றன. அதில் 158-ஆம் இடத்தில் ஸ்பெயினின் பெசெட்டா (₧) இருக்கிறது. அந்த நாணயம் 2002-லேயே புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்டோர் புழங்கும் ₹ அதில் இல்லை. பில்லிங் மென்பொருள் செய்வோர் ₹ குறியைச் சிறு படமாக அனுப்பி அச்சிட வைப்பதுண்டு. காகிதத்தில் அது சரி. கணக்கில் சேமிக்கும்போது எழுத்தாகவே சேமிக்க வேண்டும்.

ஜப்பானில் யென், பாதை காட்டும்
ஜப்பானின் 1969-ஆம் ஆண்டுத் தரம், பின்சாய்வுக் கோட்டின் 92-ஆம் இடத்தை யென் (¥) குறிக்குக் கொடுத்தது. விண்டோஸ் வந்தபோது கோப்புறைகளைப் பிரித்துக் காட்ட அதே பின்சாய்வுக் கோடுதான் பயன்பட்டது. விளைவு, ஜப்பானிய விண்டோஸில் கோப்பின் முகவரி நெடுக ¥ ¥ என்று வரும். கொரியாவில் அந்த இடத்தில் ₩ வரும். ஒரே எண்ணுக்கு இரண்டு குறி என்று வைத்துவிட்டால் பல ஆண்டு கழித்தும் விடுபட முடியாது. ₹ குறிக்குத் தனி எண் கிடைத்தது நம் நல்ல காலம்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குறி
¤ என்று ஒரு குறி உண்டு; எண் 164. டாலருக்கு மட்டும் ஏன் முன்னுரிமை என்ற கேள்வி எழுந்தபோது, 1970-களில் சர்வதேசத் தரத்தில் டாலரின் இடத்தில் பொதுவாக வைக்கப்பட்டது இது. இன்று அதை யாரும் விலையோடு எழுதுவதில்லை. ஆனால் கைபேசிகளும் கணினிகளும் பயன்படுத்தும் மொழி அமைப்புத் தரவுகளில் அது உயிரோடு இருக்கிறது. "இந்த இடத்தில் அந்தந்த நாட்டின் நாணயக் குறியைப் போடு" என்பதற்கு அங்கே ¤ என்றுதான் எழுதுகிறார்கள்.

காற்புள்ளிக்கும் ஊர் உண்டு
அதே அமைப்புத் தரவு இந்தியத் தமிழுக்கு ₹12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி போடச் சொல்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழுக்கு 1,234,567 என்று ஆயிரக் கணக்கில். கைபேசியில் மொழி தமிழ் என்று வைத்தால் மட்டும் போதாது, நாடும் சரியாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வரி முடிவில் பிரியாத குறி
₹500 என்று ஒட்டி எழுதினால் வரி முடியும் இடத்திலும் ₹ தனியாக, 500 தனியாகப் பிரியாது. எண்ணுக்கு முன்னால் வரும் குறி என்று யூனிகோடு அதை வகைப்படுத்தியிருப்பதால் மென்பொருள் அங்கே வரியை உடைக்காது. 'ரூ. 500' என்று இடைவெளி விட்டு எழுதினால் 'ரூ.' மேல்வரியிலும் 500 கீழ்வரியிலும் போய்விழ வாய்ப்புண்டு. அங்கே சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, பிரியா இடைவெளியைப் போடுங்கள். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடு ஸ்பேஸ் தட்டினால் அது வரும். பத்திரிகைப் பக்கம் கட்டுவோருக்கு இது அன்றாடத் தேவை.

எக்செலில் 'ரூ.' அடிக்காதீர்கள்
கட்டத்துக்குள் 'ரூ.500' என்று அடித்தால் எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகவே பார்க்கும். 'சம்' கட்டளையால் கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும்; பிழை என்றுகூடச் சொல்லாது. 20 வரியில் இரண்டு வரி இப்படி இருந்தால் மொத்தம் அந்த அளவுக்குக் குறைவாக வரும். கட்டத்தில் 500 என்று மட்டும் அடியுங்கள். கன்ட்ரோல், 1 தட்டி நாணய வடிவத்தில் ₹ தேர்ந்தெடுங்கள். எண் எண்ணாக இருக்கும். ₹ கண்ணுக்குத் தெரியும்.

க்யூஆர் கோடுக்குள் ₹ இல்லை
டீக்கடையில் ஸ்கேன் செய்யும் யுபிஐ க்யூஆர் கோடில் நாணயம் ₹ என்று எழுதப்படுவதில்லை. ஐ, என், ஆர் என்ற மூன்று ரோமன் எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. இது சர்வதேச நாணயக் குறியீடு. இந்திய ரூபாய்க்கு 356, இலங்கை ரூபாய்க்கு 144 என்று எண்ணும் உண்டு. இயந்திரங்கள் தங்களுக்குள் பேச இந்த மூன்றெழுத்து. மனிதர் படிக்க ₹.

இலக்கத்தின் அகலம்
நல்ல ஃபான்ட் செய்வோர் ₹ குறியை 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களின் அகலத்துக்குச் சமமாக வரைகிறார்கள். அப்போதுதான் விலைப்பட்டியலில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கும். வேறு ஃபான்டிலிருந்து இரவல் வாங்கிய ₹ தடிமனிலும் உயரத்திலும் தனித்துத் தெரியும். அழைப்பிதழோ விளம்பரமோ அச்சுக்குப் போகும் முன் இதை ஒருமுறை பாருங்கள்.

காதால் படிப்பவர்களுக்கு
பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு 8377 என்ற எண் கிடைத்தால், அது ரூபாய் என்று புரிந்துகொள்ள முடியும். ₹ குறியைப் படமாக ஒட்டி மாற்று உரையும் தராமல் விட்டால், எந்த நாணயம் என்பதே அவருக்குத் தெரியாது. 96-ஆம் எண்ணில் ஒளித்த போலி ₹ குறியாக இருந்தால் ஒற்றைக் குறியின் பெயரை வாசிக்கும். அசல் எழுத்தைப் போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தகவல் போய்ச் சேர்வதற்காக.

இன்றே ஒரு சோதனை
உங்கள் கடை, பள்ளி அல்லது அலுவலகத்தின் மென்பொருளில் ₹1,23,456.50 என்று ஒரு தொகையை உள்ளிடுங்கள். அதைத் திரையில் பாருங்கள், அச்சிடுங்கள், பிடிஎஃப் ஆக்கி அதில் ₹ என்று தேடுங்கள், சிஎஸ்வியாக இறக்கித் திறந்து பாருங்கள், ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். ஐந்து இடத்திலும் ₹ அப்படியே வந்தால் உங்கள் மென்பொருள் தேறிவிட்டது. எங்காவது பெட்டியோ கேள்விக்குறியோ வந்தால், எந்த இடத்தில் எப்படி வந்தது என்று குறித்து மென்பொருள் செய்தவரிடம் கொடுங்கள். திருத்த அவருக்கு அது போதும்.